நேரடி வகுப்பு எது, இணையவழி வகுப்பு எது: எங்கள் ஆசிரியர் சங்கத்தின் நிலைப்பாடு

ஆசிரியரும் மாணவரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் இருந்து நடப்பதுதான் நேரடி வகுப்பு. மாணவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, ஆசிரியர் வேறொரு வளாகத்திலிருந்து திரையில் பேசினால் அது இணையவழி வகுப்பே.

இணையவழியிலும் இரண்டு வகை உண்டு. குறித்த நேரத்தில் ஆசிரியர் நேரலையில் வந்து பாடம் எடுப்பது ஒன்று. பதிவுசெய்த காணொளியை மாணவர் தனக்கு வாய்த்த நேரத்தில் பார்ப்பது மற்றொன்று. முன்னதில் சந்தேகம் கேட்கலாம். பின்னதில் கேட்க ஆளில்லை. இரண்டையும் ‘ஆன்லைன்’ என்ற ஒரே சொல்லில் அடைப்பதை நாங்கள் ஏற்கவில்லை.

இந்தச் சொற்களின் மேல்தான் மாணவரின் பணமும் உரிமையும் நிற்கின்றன. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் தொலைநிலைக் கல்வியில் படிப்பவர்களுக்குக் கிடையாது. விடுதி இடமும் வருகைப்பதிவும்கூட படிப்பு முறையைப் பொறுத்தவை. கடன் வாங்கி விடுதிக் கட்டணம் கட்டிய வீட்டுப் பிள்ளை, அந்த விடுதி அறையிலேயே செல்போனில் பாடம் கேட்க நேர்ந்தால் அந்தப் பணத்துக்கு யார் பதில் சொல்வது? இணையவழி வகுப்புக்காக 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு, கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா இலவசமாகத் தந்தது. இன்று அந்தச் செலவு மாணவர் தலையில்தான்.

இணையவழிக் கல்விக்கு நாங்கள் எதிரிகள் அல்லர். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2020 விதிமுறைப்படி, அங்கீகாரம் பெற்ற இணையவழிப் பட்டம் நேரடிப் பட்டத்துக்கு இணையானது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் பலருக்கு அது இல்லையென்றால் படிப்பே இல்லை. ஆனால் ஆய்வகப் பாடம் நேரடியாகத்தான் நடக்க வேண்டும். பியூரெட்டிலிருந்து விழும் ஒரு துளியில் நிறம் மாறுவதைத் திரையில் எத்தனை முறை பார்த்தாலும் கைக்குப் பழக்கம் வராது.

மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயம் வழியாக ஒரு செமஸ்டரில் 40 சதவீதப் பாடங்கள் வரை படிக்க யுஜிசியின் 2021 விதிமுறை அனுமதிக்கிறது. அது உச்சவரம்பு. காலியான ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமலிருக்க அதைச் சாக்காக்கக் கூடாது.

சேர்க்கை அறிவிப்பிலேயே ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே நேரடி எத்தனை மணி, நேரலை எத்தனை மணி, பதிவு எத்தனை மணி என்று அச்சிட வேண்டும். செமஸ்டர் நடுவில் மாற்றக் கூடாது. மழை வெள்ளத்தால் மாற்ற நேர்ந்தால், எத்தனை நாளுக்கு என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும். அடுத்த கல்விக்குழுக் கூட்டத்திலேயே இந்த வரையறையை நிறைவேற்றுமாறு பல்கலைக்கழகத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.