கடல் உண்டு, கரை எங்கே?

கலை என்றால் கதை, கவிதை, ஓவியம், நாடகம், திரைப்படம் என்று எண்ணியிருந்த காலம் மலையேறிவிட்டது. இன்று கணினி ஆட்டமும் அந்த வரிசையில் வந்து அமர்ந்துகொண்டது. விடுதி அறைகளில் நள்ளிரவு தாண்டியும் விளக்கு எரிவது தேர்வுக்காக மட்டும் அன்று என்பதை மாணவ நண்பர்கள் நன்கறிவர். ஆடுவது குற்றமா, அன்றா என்று வழக்காட நான் வரவில்லை. திரைப்படம் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் இது நன்று, இது தீது என்று அலசுகிறோம் அல்லவா? அதே உரிமையோடு ஆட்டத்தையும் அலசவேண்டும் என்பதே என் கருத்து. அதற்கு ஏற்ற ஆட்டம் ஒன்று உண்டு. கடற்கொள்ளையர் கதை, நம் இந்தியப் பெருங்கடலிலேயே நடக்கும் கதை, முற்றுப்பெறாமலே கடைக்கு வந்துவிட்ட கதை. பெயர் ‘ஸ்கல் அண்ட் போன்ஸ்’.

யூபிசாஃப்ட் என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் சிங்கப்பூர்க் கிளை ஆக்கித் தந்தது இது. அந்நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ‘பிளாக் ஃபிளாக்’ என்ற ஆட்டத்தில் கப்பற்போர்ப் பகுதி பெரும்புகழ் பெற்றது. அப்பகுதியைத் தனியே எடுத்து வளர்த்தால் என்ன என்ற எண்ணத்தில் பிறந்ததே புதிய ஆட்டம். 2017 ஜூனில் உலகுக்கு அறிவித்தார்கள். 2018-இல் வரும் என்றார்கள். 2018 போயிற்று, 2019-உம் போயிற்று. 2022 நவம்பர் என்று நாள் குறித்தார்கள், 2023 மார்ச்சுக்குத் தள்ளினார்கள், அதுவும் கடந்தது. கடைசியில் 2024 பிப்ரவரி 16-ஆம் நாள் ஆட்டம் வெளிவந்தது. அறிவித்தபோது ஒன்பதாம் வகுப்பில் இருந்த மாணவன், கைக்கு வந்தபோது பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருந்தான்!

குறை சொல்வதற்குமுன் நிறையைச் சொல்லிவிடுவதே நேர்மை. இந்த ஆட்டத்தின் கடல் மெய்யான கடல். அலை எழுகிறது, கலம் சரிகிறது, புயல் வந்தால் மாலுமிகள் பதறுகிறார்கள். காற்று எத்திசை என்று பார்த்துப் பாயை விரிக்கவேண்டும். மாலுமிகள் சோர்ந்தால் கலமும் சோரும். அவர்களுக்கு உணவு கொடுத்துத் தேற்றவேண்டும். எந்தப் பீரங்கியை முன்னே வைப்பது, எதைப் பக்கத்தில் வைப்பது, எந்தக் கவசத்தைப் பலகையில் பூட்டுவது என்று எண்ணிப்பார்த்துக் கலத்தை அமைப்பதில் ஓர் இன்பம் இருக்கிறது. கூட்டாளிகள் மூவர் தத்தம் கலங்களோடு சேர்ந்து ஒரு பெரிய பகைக்கலத்தைச் சூழும்போது உண்மையிலேயே நெஞ்சு துடிக்கிறது. மாலுமிகள் பாடும் பாட்டும் நன்று. இவற்றையெல்லாம் செய்தவர்கள் தொழில் அறிந்தவர்கள் என்பதில் ஐயமில்லை.

ஆனால், கடற்கொள்ளையன் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது என்ன? கயிற்றைப் பற்றிக்கொண்டு எதிரியின் கலத்தில் தாவுகிறான், வாளை உருவுகிறான், மேல்தளத்தில் போர் நடக்கிறது. வெளியான நாளில் இந்த ஆட்டத்தில் அது இல்லை. எதிரியின் கலம் தளர்ந்ததும் கொக்கிகள் பறக்கின்றன; ஒரு சிறு காட்சி ஓடுகிறது; கொள்ளைப்பொருள் பட்டியலாக வந்து நிற்கிறது. அவ்வளவுதான்! கரையில் இறங்கி நடக்கலாம், கடையில் பேரம் பேசலாம், வாள்வீச முடியாது. மரம் வெட்டவேண்டுமா? கலத்தில் இருந்தபடியே வெட்டவேண்டும். கோட்டையைக் கொள்ளையிடவேண்டுமா? கடலில் நின்றபடியே சுடவேண்டும். பத்து ஆண்டுகளுக்கு முன்பே ‘பிளாக் ஃபிளாக்’ தந்ததைப் புதிய ஆட்டம் தரவில்லை. இதனோடு வேறு குறைகளும் உண்டு. செய்த வேலையையே திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். தனியே ஆட விரும்புபவனுக்கும் இணைய இணைப்பு இருந்தாகவேண்டும். கதையின் பிற்பகுதியில் கொள்ளையன் கணக்குப்பிள்ளை ஆகிவிடுகிறான். பண்டசாலைகளை வைத்துக்கொண்டு, நேரம் பார்த்து, கலத்தில் சுற்றி வசூல் செய்வதே அவன் தொழில்!

இதற்கு நேர்மாறான ஓர் ஆட்டமும் உண்டு. அதன் பெயர் ‘கேப்டன் பிளட்’. சபாட்டினி 1922-இல் எழுதிய புதினத்தைத் தழுவி உருசியாவில் ஆக்கப்பட்டது. 2010 அளவிலேயே பெரும்பாலும் முடிந்திருந்தும், உரிமைத் தகராறுகளால் பெட்டியில் பூட்டப்பட்டுக் கிடந்து, 2025 மே மாதத்தில்தான் வெளிவந்தது. அதில் வாள் உண்டு, தாவல் உண்டு, தளத்துப் போர் உண்டு. ஆனால் கலத்தை மனம்போல் செலுத்தக் கடல் இல்லை. ஒன்றில் கடல் இருக்கிறது, வாள் இல்லை. மற்றொன்றில் வாள் இருக்கிறது, கடல் இல்லை. இரண்டையும் சேர்த்துத் தைக்க ஒரு கை இல்லாமற் போயிற்றே!

முற்றுப்பெறாத ஆக்கம் தோன்றுவது குற்றமன்று. நம் ஊர்க் கோயில்களிலும் முடியாத கோபுரங்கள் உண்டு. ஆனால் முடியாத கோபுரத்தை முடிந்ததென்று எவரும் காசுக்கு விற்கவில்லை. இந்த ஆட்டத்திற்கோ முழு விலை வைத்தார்கள். ஆட்டப்பொறிகளுக்கான விலை ஏறத்தாழ 70 டாலர். விலை மிகுதி என்ற பேச்சு எழுந்தபோது, நிறுவனத்தின் தலைவர் ஈவ் கில்லெமோ, இது வழக்கமான முதல்தர ஆட்டங்களையும் விஞ்சிய ‘நான்கு ஏ’ ஆட்டம் என்று விடையளித்தார். தரம் முத்திரையிலா இருக்கிறது?

“வெளிவந்த பின் திருத்தினார்களே, புதிய கலங்களைச் சேர்த்தார்களே” என்று சிலர் கேட்பர். உண்மை. 2018-இல் வெற்றுக் கடலாக வந்த ‘சீ ஆஃப் தீவ்ஸ்’ என்ற ஆட்டமும் நாளடைவில் செழித்தது. ஆனால் அந்த வளர்ச்சிக்குக் காத்திருந்தவன் யார்? முதல் நாளே முழுப்பணம் கொடுத்தவன். முடியாததை முடியாதது என்று சொல்லி விற்கும் வழியும் உண்டு. ‘ஹேடிஸ்’ என்ற ஆட்டத்தை 2018 டிசம்பரில் அப்படித்தான் கொண்டுவந்தார்கள். ஆடுவோர் கருத்தைக் கேட்டுக் கேட்டு 2020 செப்டம்பரில் முடித்தார்கள். அது நாணயம். பொருளின் நிலையை மறைத்து விற்பது நாணயமன்று.

மற்றொரு குறையும் உண்டு. தமிழ் மாணவர்களாகிய நமக்கு அதுவே பெரிது. இந்த ஆட்டம் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் நடக்கிறது. ஆப்பிரிக்கக் கரை உண்டு. கிழக்கிந்தியத் தீவுகள் உண்டு. பகைவர்களாக டச்சு வணிகக் கழகமும் உண்டு. ஆனால் வெளியான நாளின் வரைபடத்தில் சோழமண்டலக் கரையைத் தேடினால் கிடைக்காது. இது எவ்வளவு பெரிய ஓட்டை என்பதைப் பழவேற்காடு சொல்லும். டச்சுக்காரர் 1613-இல் அங்கே கெல்திரியாக் கோட்டையை எழுப்பினர். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலத்தில் அவர்களுடைய தலைமையிடம் அதுவே. தீவுகளில் மிளகும் கிராம்பும் சாதிக்காயும் வாங்க அவர்கள் கொண்டுசென்ற பொருள் என்ன? இக்கரை நெசவாளர் நெய்த துணி! அவர்களுடைய பீரங்கிகளுக்கு வெடிமருந்தும் பழவேற்காட்டில் ஆயிற்று. அடிமைகளாக மக்களையும் அங்கிருந்து ஏற்றிச்சென்றனர். துணி இல்லாமல் நறுமணப்பண்டம் இல்லை. பண்டம் இல்லாமல் கொள்ளை இல்லை. அப்படியிருக்க, துணி நெய்த கரையை விட்டுவிட்டுக் கொள்ளையை மட்டும் காட்டினால் கதை எப்படி முழுமையாகும்?

திருப்பதி மாவட்டத்துப் பிச்சாட்டூரிலிருந்து வந்து படிக்கும் தோழர்கள் இதைக் கேட்டு, கடல் எங்கே, நாம் எங்கே என்று நினைக்க வேண்டா. பிச்சாட்டூர் அணையில் தேங்கி நிற்கும் ஆரணியாற்று நீர், ஊத்துக்கோட்டையைக் கடந்து பழவேற்காட்டுப் பக்கந்தான் கடலைச் சேர்கிறது. மாநில எல்லைக்கோடு ஆற்றுக்குத் தெரியாது. அந்த ஆற்றின் முடிவில் ஒரு வரலாறே கிடக்கிறது. அதை எடுத்து ஆட்டமாக்க எவரும் முன்வரவில்லை.

அயலார் நம் கதையைச் சொல்லவில்லையே என்று அவர்களைத் திட்டுவதால் பயனில்லை. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. ஆயினும் அங்கே உருவான இந்த ஆட்டத்தில் தமிழ் இல்லை. விற்பவன் சந்தையைப் பார்க்கிறான். நம்மில் கணிப்பொறியியல் படிப்போர் எத்தனை பேர்! வரலாறு படிப்போர், ஓவியம் தீட்டுவோர், இசை அறிந்தோர் எத்தனை பேர்! இவர்கள் ஒரே விடுதியில் உண்டும், ஒன்றுகூடி ஒரு சிறு ஆட்டத்தையேனும் ஆக்கிப் பார்த்ததுண்டா? ஏழாண்டும் வேண்டா, பெரும்பணமும் வேண்டா. ஒரு தோணி, ஒரு கழிமுகம், துணிமூட்டையோடு கோட்டையைக் கடக்க முயலும் ஒரு வணிகன். இது போதும் தொடங்குவதற்கு.

அதுவரை ஆட்டம் வாங்கும் நண்பர்களுக்கு ஒரு சொல். விளம்பரத்தை நம்பி வெளியீட்டுக்கு முன்பே பணம் கட்டாதீர்கள். இந்த ஆட்டத்தையே எட்டு மணி நேரம் இலவசமாக ஆடிப்பார்க்க நிறுவனம் வழிவிட்டது. அத்தகைய வாய்ப்பு எங்கிருந்தாலும் முதலில் பயன்படுத்துங்கள். வீட்டிலிருந்து வரும் பணம் தந்தையின் உழைப்பு, தாயின் சிக்கனம். அரைகுறைப் பொருளுக்கு முழு விலை கொடுக்க அது வரவில்லை.