யூடியூப் கொடுத்த மேடை... ட்வீட் பறித்த கச்சேரி: ரசிகர்களோடு நேரடியாகப் பேசும் இசைக்கலைஞர்களுக்கு என்ன சிக்கல்?

ஒரு கச்சேரி கடைசி நேரத்தில் ரத்தானால், வழக்கமாக ஒரே வரிதான் வரும். 'உடல்நலக் குறைவு' அல்லது 'தவிர்க்க முடியாத காரணங்கள்'. ரசிகர்களும் டிக்கெட் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் 2015 ஏப்ரலில் கனடாவின் டொராண்டோ நகரில் ரத்தான ஒரு பியானோ கச்சேரிக்கு அப்படி ஒரு காரணம் சொல்லி முடிக்க முடியவில்லை. பியானோ கலைஞருக்கு உடம்பு நன்றாகவே இருந்தது. வாசிக்கவும் தயாராக இருந்தார். பிரச்சனை அவருடைய ட்விட்டர் கணக்கில் இருந்தது.

அந்தக் கலைஞரை உலகத்துக்குக் காட்டியதே இணையம்தான் என்பதுதான் இதில் சுவாரஸ்யம்.

யார் இந்த வாலண்டினா லிசிட்சா?

உக்ரைன் தலைநகர் கீவில் பிறந்தவர். சிறு வயதிலிருந்தே பியானோ. 1990-களின் தொடக்கத்தில் கணவரோடு சேர்ந்து அமெரிக்காவில் ஒரு இரட்டைப் பியானோ போட்டியில் பரிசு வென்றார், அங்கேயே குடியேறினார். அதற்குப் பிறகு? பெரிதாக ஒன்றும் இல்லை. மேற்கத்திய செவ்வியல் இசையில் பியானோ வாசிப்பவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஒரு ஏஜென்ட் கவனிக்க வேண்டும், ஒரு ரெக்கார்டு கம்பெனி நம்ப வேண்டும், ஒரு ஆர்கெஸ்ட்ரா அழைக்க வேண்டும். இந்த மூன்று கதவும் திறக்காவிட்டால் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் வீட்டுக்குள்தான் வாசிக்க வேண்டும். நம்ம ஊரில் சபா செயலாளரின் போன் வருமா என்று டிசம்பருக்கு முன்னால் காத்திருக்கும் பாடகர்களுக்கு இது புரியும்.

2007-ல் லிசிட்சா ராக்மானினாஃபின் ஒரு சிறிய பியானோ துண்டை வாசித்து, வீடியோ எடுத்து யூடியூபில் போட்டார். யூடியூபுக்கு அப்போது வயது இரண்டு. பூனை வீடியோக்கள் ஓடும் இடத்தில் செவ்வியல் இசையா என்று பெரிய கலைஞர்கள் பலர் அந்தப் பக்கமே வராத காலம் அது. அடுத்து ஷோபானின் 24 எட்யூட்களை டிவிடியாக வெளியிட்டார். அதை யாரோ திருட்டுத்தனமாக இணையத்தில் ஏற்றிவிட, வழக்கு போடுவதற்குப் பதில் அவரே முழுவதையும் இலவசமாக யூடியூபில் ஏற்றினார். விற்பனை படுத்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது தலைகீழ், டிவிடி விற்பனை ஏறியது.

அவர் செய்த இன்னொரு காரியம், மணிக்கணக்காக வீட்டில் பயிற்சி செய்வதையே நேரலையாகக் காட்டியது. தப்பாக வாசிப்பது, நிறுத்துவது, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது, எல்லாமே நேரலையில். மேடையில் கறுப்பு கவுனில் எட்டாத உயரத்தில் தெரியும் ஒரு கலைஞர், இப்போது பக்கத்து வீட்டுக்காரர் போல ஆகிவிட்டார். கமெண்ட்டில் கேள்வி கேட்டால் பதில் வரும். உலகின் ஏதோ ஒரு மூலையில் தனியாகப் பியானோ கற்றுக்கொண்டிருக்கும் ஒரு பையனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

பலன், 2012 ஜூன் 19. லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹால், ஐயாயிரம் பேர் உட்காரும் அரங்கம். அங்கே தனியாக ஒரு கச்சேரி. என்ன வாசிக்க வேண்டும் என்று ரசிகர்களே இணையத்தில் ஓட்டுப் போட்டார்கள். டெக்கா என்ற பெரிய ரெக்கார்டு கம்பெனி அவரை ஒப்பந்தம் செய்து அந்தக் கச்சேரியையே ஆல்பமாக வெளியிட்டது. மூடிக்கிடந்த மூன்று கதவையும் ரசிகர்கள் வெளியிலிருந்து தள்ளித் திறந்துவிட்டார்கள்.

டொராண்டோவில் என்ன நடந்தது?

2014-ல் உக்ரைனில் ஆட்சி மாறியது, கிரைமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்டது, கிழக்கே சண்டை தொடங்கியது. லிசிட்சா புதிய கீவ் அரசுக்கு எதிரான பக்கம் நின்றார். ட்விட்டரில் 'நெடோஉக்ரைன்கா' (அரைகுறை உக்ரைன்காரி என்பது போல ஒரு பெயர்) என்று வைத்துக்கொண்டு நாள்தோறும் எழுதினார். அரசை விமர்சிப்பதோடு அது நிற்கவில்லை. மக்களையே இழிவுபடுத்துவதாகப் பலர் படித்த பதிவுகளும், படங்களும் அதில் இருந்தன. நையாண்டியும் மிகைப்படுத்தலும் பொய்யை எதிர்க்கும் ஆயுதங்கள் என்பது அவர் பக்க வாதம்.

2015 ஏப்ரல் 8, 9 தேதிகளில் டொராண்டோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு ராக்மானினாஃபின் இரண்டாவது பியானோ கான்செர்டோ வாசிப்பதாக ஏற்பாடு. உக்ரைன் வம்சாவளியினர் மிக அதிகமாக வாழும் நாடுகளில் கனடாவும் ஒன்று. புகார்கள் போயின. ஆர்கெஸ்ட்ரா நிர்வாகம் 'மிகவும் புண்படுத்தும் மொழி' என்று சொல்லி அவரை நீக்கியது. சம்பளத்தை மட்டும் முழுசாகக் கொடுத்தது.

இதையும் லிசிட்சா அடுத்த நிமிடமே எங்கே கொண்டுபோனார் தெரியுமா? ரசிகர்களிடம்தான். பேஸ்புக்கில் நீண்ட பதிவு போட்டார். அவரை வாசிக்க விடச் சொல்லி ஹேஷ்டேக் ஓடியது. அவருக்குப் பதிலாக அழைக்கப்பட்ட கனடா பியானோ கலைஞருக்கும் இணையத்தில் அடி விழுந்தது. கடைசியில் அந்த கான்செர்டோவையே நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ராக்மானினாஃப் இறந்தது 1943-ல். அவர் இசைக்கு இந்தச் சண்டையில் ஒரு பங்கும் இல்லை, ஆனால் அடிபட்டது அதுதான்.

இங்கே எது நியாயம்? 'கலைஞருக்குக் கருத்துச் சுதந்திரம் கிடையாதா' என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவது சுலபம். ஒரு இனத்தையோ மக்களையோ கேவலப்படுத்தும் பதிவை, எழுதியவர் நன்றாகப் பியானோ வாசிப்பார் என்பதற்காக அந்த மக்கள் பொறுத்துக்கொண்டு அரங்கில் வந்து உட்கார வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. அதே சமயம், கச்சேரி மேடையில் அவர் அரசியல் பேசவில்லை. பேசப்போவதாகவும் சொல்லவில்லை. ஆர்கெஸ்ட்ரா அவருக்கு வாய்ப்பு கொடுத்தது யூடியூபில் அவருக்கு இருந்த கூட்டத்தையும் பார்த்துத்தான். கூட்டம் வேண்டும், அந்தக் கூட்டத்தோடு அவர் பேசும் பேச்சு வேண்டாம் என்றால், அதை ஒப்பந்தம் போடும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

நடுவில் ஆள் இல்லாததால் வரும் வினை

பழைய காலத்தில் கலைஞருக்கும் ரசிகருக்கும் நடுவில் ஏஜென்ட், பத்திரிகை நிருபர், அரங்க மேலாளர் என்று ஒரு வரிசையே நின்றது. அவர்கள் வாய்ப்பை மறிக்கும் சுவராக இருந்தார்கள், வாஸ்தவம்தான். ஆனால் கோபத்தில் வந்த ஒரு வார்த்தையை வெளியே விடாமல் தடுத்ததும், ரசிகனின் கோபக் கடிதத்தைக் கலைஞரின் கண்ணில் படாமல் வைத்ததும் அதே சுவர்தான். லிசிட்சா அந்தச் சுவரை உடைத்து வெளியே வந்தார். மழை பெய்தபோது நனைந்தார்.

இன்னொரு விஷயம், நடுவில் மனிதர்கள் இல்லை என்றால் யாருமே இல்லை என்று அர்த்தமில்லை, மெஷின் இருக்கிறது. 2018 செப்டம்பரில் பிரிட்டிஷ் பியானோ கலைஞர் ஜேம்ஸ் ரோட்ஸ், பாக் இயற்றிய ஒரு துண்டைத் தானே வாசித்து பேஸ்புக்கில் போட்டார். அதில் 47 விநாடி சோனி மியூசிக்குக்குச் சொந்தம் என்று தானியங்கி அமைப்பு தடுத்துவிட்டது. பாக் இறந்தது 1750-ல்! தியாகராஜர் கீர்த்தனையை வீட்டில் பாடி ஏற்றியதற்கு 'காப்புரிமை மீறல்' என்று நோட்டீஸ் வந்தால் எப்படி இருக்கும்? அதே கதைதான். ஒரே பாட்டை ஒரே சுரத்தில் நூறு பேர் பாடும் இசையில், யார் பாடியது என்று மெஷினுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ரோட்ஸ் ட்விட்டரில் கத்தினார், ஊரே சேர்ந்து கத்தியது, உரிமைக்கோரல் வாபஸ் ஆனது. கத்துவதற்கு அவருக்கு ரசிகர்கள் இருந்தார்கள்.

நன்றாக நடந்த உதாரணமே இல்லையா?

இருக்கிறது. ஜெர்மனியில் வாழும் பியானோ கலைஞர் ஈகோர் லெவிட். 2020 மார்ச் 12 அன்று, கொரோனாவால் அரங்கங்கள் மூடியவுடன், பெர்லின் வீட்டிலிருந்து ட்விட்டரில் நேரலையாக வாசிக்க ஆரம்பித்தார். பெரிய கேமரா, லைட்டிங் எதுவும் இல்லை. வீட்டு உடையில் வந்து உட்கார்ந்து, இரண்டு வார்த்தை பேசி, பீத்தோவனின் சொனாட்டா ஒன்றை வாசித்தார். அடுத்த நாளும், அதற்கு அடுத்த நாளும். மொத்தம் 50-க்கும் மேற்பட்ட மாலைகள். மே 30-ல், எரிக் சாட்டி எழுதிய ஒரு சின்னத் துண்டை 840 முறை திரும்பத் திரும்ப வாசித்தார், 15 மணி நேரத்துக்கும் மேல். வேலையிழந்து நின்ற இசைக்கலைஞர்களின் நிலைமையைச் சொல்லத்தான் அது. ஊரடங்கில் தனியாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த மாலை நேரம் ஒரு பிடிப்பாக இருந்தது.

ஆனால் லெவிட்டும் சும்மா வாசித்துவிட்டுப் போகிறவர் இல்லை. வலதுசாரித் தீவிரவாதத்துக்கும் யூத வெறுப்புக்கும் எதிராக ட்விட்டரில் ஓயாமல் எழுதியவர். 2019-ல் ஒரு கச்சேரிக்கு முன் அவருக்குக் கொலை மிரட்டல் வந்தது. போலீஸ் பாதுகாப்போடு வாசித்தார். 2020 அக்டோபரில் ஜெர்மனியின் பெரிய நாளிதழ் ஒன்று அவரது ட்விட்டர் நடவடிக்கைகளைக் கிண்டலடித்து, இசையையும் குறைத்து ஒரு கட்டுரை வெளியிட்டது. யூத வெறுப்பு அதில் தெரிகிறது என்று வாசகர்கள் கொதித்தார்கள். பத்திரிகை மன்னிப்புக் கேட்டது.

பேசினாலும் பிரச்சனை, பேசாவிட்டாலும் பிரச்சனையா?

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தவுடன் கேள்வி தலைகீழானது. மியூனிக் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவின் தலைமை நடத்துநர் வாலெரி கெர்கியேவ், புதினுக்கு நெருக்கமானவர். போரைக் கண்டித்து அறிக்கை விடச் சொன்னார் நகர மேயர். கெர்கியேவ் வாயே திறக்கவில்லை. மார்ச் 1 அன்று பதவி போனது.

பாடகி அன்னா நெட்ரெப்கோ நடுவில் மாட்டினார். போரை எதிர்ப்பதாகப் பதிவு போட்டார், அதே பதிவில் கலைஞர்களை அரசியல் கருத்துச் சொல்லக் கட்டாயப்படுத்துவது சரியில்லை என்றும் எழுதினார். புதினின் பெயரைச் சொல்லி விலகவில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அவரைக் கைவிட்டது. விவகாரம் நடுவரிடம் போனது. 2023-ல் தீர்ப்பு வந்தது, ரத்தான நிகழ்ச்சிகளுக்காக 2 லட்சம் டாலருக்கு மேல் ஓபரா அவருக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் போருக்குப் பின் அவர் சொன்ன சில தகாத கருத்துகளுக்காக 30,000 டாலர் அவருக்கு அபராதம். ஒரு கலைஞரின் பேச்சுக்கும் மௌனத்துக்கும் விலைப்பட்டியல் போட்டுக் கையில் கொடுத்தது போல இருந்தது.

லிசிட்சா? அவர் மாறவே இல்லை. 2022 மே மாதம், ரஷ்யப் படைகள் தரைமட்டமாக்கிப் பிடித்த மரியுபோல் நகருக்கே போய் வாசித்தார். டொராண்டோ விஷயத்தில் அவர் பக்கம் நின்ற பலருக்கு அதற்குப் பிறகு வாதாட ஒன்றும் மிச்சமில்லை.

நம்ம ஊர் நிலவரம்

இதெல்லாம் ஐரோப்பா கதை என்று விட முடியாது. 2018 ஆகஸ்டில், கர்நாடக இசைப் பாடகர்கள் சிலர் கிறிஸ்தவப் பாடல்கள் பாடியதை வைத்து வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் பெரிய தாக்குதல் நடந்தது. சென்னையில் நடக்கவிருந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து மூத்த பாடகர் 'தனிப்பட்ட காரணங்கள்' என்று சொல்லி விலகினார். அந்த வழக்கமான ஒற்றை வரி! டி.எம்.கிருஷ்ணா நேர் எதிராகப் போனார். இனி மாதம் ஒரு பாட்டு, இயேசு மேலோ அல்லா மேலோ வெளியிடுவேன் என்று ட்விட்டரிலேயே அறிவித்தார்.

நவம்பரில் அதன் பின்விளைவு வந்தது. டெல்லியில் ஸ்பிக் மேகே அமைப்பும் இந்திய விமான நிலையங்கள் ஆணையமும் சேர்ந்து நடத்தவிருந்த விழாவில் 17-ம் தேதி கிருஷ்ணா பாடுவதாக இருந்தது. ஆணையம் அதை ட்விட்டரில் விளம்பரம் செய்ததும், கீழே வசவுகள் குவிந்தன. 'அரசுப் பணத்தில் இவருக்கு மேடையா' என்று அமைச்சர்களை டேக் செய்தார்கள். நிகழ்ச்சி தள்ளிவைக்கப்பட்டது. காரணம் கேட்டால், அவசர வேலைகள்.

டொராண்டோவோடு இதைச் சேர்த்துப் பேசுவது தவறு. அங்கே பிரச்சனை கலைஞரின் சொந்தப் பதிவுகளின் மொழி. இங்கே ஒருவரையும் இழிவுபடுத்தாத பாட்டும் கருத்தும் குறிவைக்கப்பட்டன. ஆனால் இரண்டிலும் நிர்வாகங்கள் செய்தது ஒன்றுதான், கணினித் திரையில் எழும் சத்தத்தை எண்ணிப் பார்த்து முடிவெடுத்தார்கள். திட்டியவர்களில் எத்தனை பேர் கச்சேரிக்கு வரக்கூடியவர்கள் என்று யாரும் பார்க்கவில்லை.

கிருஷ்ணாவுக்கு மாற்று மேடை கிடைத்தது. டெல்லி மாநில அரசு அதே நவம்பர் 17 அன்று சாகேத் பகுதியில் உள்ள 'கார்டன் ஆஃப் ஃபைவ் சென்சஸ்' பூங்காவில் அவரைப் பாட அழைத்தது. ஆனால் அது மகசேசே விருது வாங்கிய, நாடறிந்த ஒரு பாடகருக்கு. மதியம் இரண்டு மணி ஸ்லாட்டுக்காகக் காத்திருக்கும், சில ஆயிரம் ஃபாலோயர்களோடு இன்ஸ்டாகிராமில் ராகம் விளக்கிக்கொண்டிருக்கும் ஓர் இளம் பாடகிக்கு இதே நடந்தால், எந்த அரசும் பூங்காவைத் திறந்துவிடப் போவதில்லை. அவரது பெயர் அடுத்த வருட அழைப்பிதழில் இருக்காது, அவ்வளவுதான்.