உயரம் மட்டும் கோல் போடாது

தர்ஜினி சிவலிங்கம் பற்றி யார் பேசினாலும் முதல்ல உயரத்தைத்தான் சொல்றாங்க. 6 அடி 10 அங்குலம், சரி. ஆனா வலைப்பந்துல வளையம் 10 அடி உயரத்தில இருக்கு, பின்னால பலகை கிடையாது. பந்து கைக்கு வந்தா 3 விநாடிக்குள்ள எறியணும். 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் அவர் போட்டது 348 கோல்கள். அந்தத் தொடரிலேயே அதுதான் அதிகம். அது பயிற்சியால வந்தது.

யாழ்ப்பாணம் ஈவினையில பிறந்து, யுத்த காலத்தில வளர்ந்து, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2009இலும் 2018இலும் ஆசியச் சம்பியனான இலங்கை அணியில் இருந்தார். அவுஸ்திரேலியக் கழகங்களுக்கும் ஆடினார்.

மாத்தளையில நம்ம தோட்டப் பக்கம், உயரமா வளர்ற பொம்பளப் பிள்ளைக்கு முதல்ல கிடைக்கிறது பட்டப்பெயர்தான்: ‘ஒட்டகச்சிவிங்கி’, ‘தென்னைமரம்’. அவ கூனி நடக்கப் பழகிடுறா. பெரிய பிள்ளையானதும் விளையாட்டும் நின்னுடுது. பிறகு நாமளே, "நம்ம பிள்ளைகளுக்குத் திறமை பத்தாது"ன்னு சொல்றோம்.

தர்ஜினியைப் பாராட்டி ஸ்டேட்டஸ் போடுறது லேசு. பாடசாலை மைதானத்தில ரெண்டு கம்பம் நட்டு, பின்னேரத்தில சொல்லிக் கொடுக்க ஒரு ஆளை வைக்கிறதுதான் வேலை. பழைய மாணவர் சங்கங்கள் அடுத்த கூட்டத்தில இதைப் பேசட்டும்.