மண்டபத்தில் பகுத்தறிவு, மலையில் மண்சரிவு

விஞ்ஞானம், பண்பாடு, மானுடநேயம் என்று தலைப்பிட்ட சொற்பொழிவுகளை நகர மண்டபங்களில் நிறையக் கேட்டாயிற்று. பேசுவோரும் நம்மவர், கேட்போரும் நம்மவர். கடவுள் இல்லை என்பதை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டவர்களுக்கு மீண்டும் நிறுவிவிட்டு, தேநீர் அருந்திக் கலைகிறோம். அந்தத் தேயிலை எங்கிருந்து வந்தது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

கலாநிதி ஆபிரகாம் கோவூர் இப்படிச் செய்தவர் அல்லர். கேரளத்தில் பிறந்து, 1928இல் யாழ்ப்பாணம் வந்து தாவரவியல் கற்பித்தவர். பேய் பிடித்த வீடு என்றால் அந்த வீட்டுக்கே போனார். அற்புதம் செய்து காட்டுவோருக்கு ஒரு லட்சம் ரூபா என்று 1963இல் அறைகூவினார். 1978இல் அவர் மறையும்வரை அதை வென்றவர் எவருமில்லை. அவருடைய வழித்தோன்றல்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாம், பதுளையைத் தாண்டி ஸ்பிரிங்வெளிக்கு ஒரு கூட்டம் நடத்தப் போனதுண்டா?

"பசித்தவனுக்கு விஞ்ஞானம் எதற்கு?" என்பார்கள். அதே ஊவா மாகாணத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தையில், 2014 அக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. பின்னர் அனுதாபம் தெரிவிக்க வந்தவர்களில் சிலர் விதி என்றனர். சிலர் இயற்கையின் சீற்றம் என்றனர். ஒன்பது ஆண்டு முன்னரே எழுத்தில் இருந்த ஒன்றை விதி என்பது அறியாமையன்று, அயோக்கியத்தனம்.

"தெரிந்திருந்தாலும் எங்கே போவார்கள்? காணி அவர்களுடையதல்லவே" என்று நண்பர் ஒருவர் மடக்கினார். உண்மைதான். அதனால்தான் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன். எச்சரிக்கை அறிக்கை கந்தோர் அலுமாரியில் கிடக்கும்வரை அது காகிதம். லயத்திலுள்ள இருநூறு பேருக்கும் அது விளங்கிவிட்டால் அது கோரிக்கை.

விளக்குவது கடினமுமன்று. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு. 100 என்றால் எச்சரிக்கை. 150 என்றால் வெளியேற வேண்டும். மண்ணுக்குள் இறங்கும் நீர் மண்துகள்களின் பிடிப்பைத் தளர்த்துகிறது. சுவரிலும் நிலத்திலும் புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனத் தோன்றும் ஊற்று, கலங்கி வரும் பீலித் தண்ணீர் ஆகியவை மலை தரும் அறிகுறிகள். இவற்றைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு மாலைப்பொழுது போதும்.

பண்பாட்டை ஏளனம் செய்துகொண்டு இதைச் செய்ய முடியாது என்பதையும் நம் பகுத்தறிவாளர்களுக்குச் சொல்லியாக வேண்டும். காமன் கூத்தைப் பார்க்கத் தோட்டமே திரள்கிறது. அந்தத் திடலில் பேச அனுமதி கேளுங்கள். மாடசாமியைக் கும்பிடுகிறவர் மழைமானியை வாசிக்கமாட்டார் என்று எண்ணுவது பகுத்தறிவன்று, படித்தவனின் மூடநம்பிக்கை.

2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்து மலைகள் மறுபடியும் சரிந்தன. மீரியபெத்தைக்குப் பின் பதினொரு ஆண்டுகள் நமக்கு இருந்தன. அத்தனை ஆண்டுகளும் நாம் மண்டபத்துக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தோம்.

அடுத்த சொற்பொழிவுக்கு என்னை அழைப்பவர்களுக்கு ஒரே நிபந்தனை: கூட்டம் லயத்து முற்றத்தில் நடக்கட்டும். வருகிறேன்.