லொக் எழுதுற மென்பொருளின் முறைப்பாட்டை யார் கேட்பது?

சேர்வர் பார்க்கிற வேலைக்குப் போகும் எங்கட தலைமுறைக்கு முதலில் கிடைக்கும் பாடம், "ஏதாவது பிழைச்சால் லொக்கைப் பார்" என்பதுதான். நல்ல பாடம். ஆனால் அந்த லொக்கை எழுதிக்கொண்டிருக்கிற மென்பொருளுக்கே ஏதாவது பிழைச்சால் எங்கே பார்ப்பது எண்டு யாரும் பெரிதாகச் சொல்லித் தருவதில்லை. டிஸ்க் நிரம்பிவிட்டது, செய்திகளை அனுப்பும் மற்ற சேர்வரோடு தொடர்பு அறுந்துவிட்டது, கொன்ஃபிக் கோப்பில் ஒரு அடைப்புக்குறி விடுபட்டுவிட்டது. அந்த மென்பொருள் இதையெல்லாம் சொல்லத்தான் பார்க்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை. மற்ற எல்லா லொக்கையும் விட இந்த உள்பிழைச் செய்திகளுக்குத்தான் முதலிடம் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு.

இது புதுப் பிரச்சினை இல்லை. 1980களில் எரிக் ஓல்மன், சென்ட்மெயிலின் தேவைக்காக உருவாக்கியது சிஸ்லொக். அதன் வழிவந்த முறையில், ஒரு செய்தி எந்தப் பகுதியிலிருந்து வருகிறது எண்டு காட்ட ஓர் எண் இருக்கிறது. 0 கேர்னலுக்கு, 2 மெயிலுக்கு. 5 என்பது, லொக் எழுதும் மென்பொருள் தனக்குள்ளேயே உருவாக்கும் செய்திகளுக்கு. 2009இல் வந்த ஆர்எஃப்சி 5424இலும் அது அப்படியே இருக்கிறது. சிஸ்லொக்-என்ஜியில் 'இன்டேர்னல்' எண்டு ஒரு தனி மூலமே உண்டு. அதை எந்தப் பாதையிலும் இணைக்காமல் விட்டால், தொடங்கும்போதே எச்சரிக்கும். கருவி செய்தவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். மிச்சம் எங்கட வேலை.

இதெல்லாம் சின்ன விசயம் எண்டு நினைப்பவர்கள் 2003 ஓகஸ்ட் 14ஐப் பற்றிக் கட்டாயம் வாசிக்க வேண்டும். அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில், ஃபேர்ஸ்ட்எனர்ஜி என்ற மின்நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறை. அங்கே எச்சரிக்கைகளைக் காட்டிப் பதிவும் செய்யும் மென்பொருள் பிற்பகல் 2.14 தாண்டியதும் செயலிழந்தது. தான் நின்றுபோனதை அது யாருக்கும் சொல்லவில்லை. வெளியே மின்வழிகள் ஒவ்வொன்றாகத் துண்டிக்கப்பட்டுக்கொண்டிருக்க, அறைக்குள் எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை. ஆகவே பிரச்சினை ஒன்றும் இல்லையெண்டு இருந்தார்கள். பிறகு சேர்வரே விழுந்தபோது கணினிப் பிரிவுக்குத் தானாகச் செய்தி போனது. அவர்கள் சேர்வரை ரீஸ்டார்ட் செய்தார்கள். ஆனால் எச்சரிக்கைகள் திரும்ப வருகின்றனவா எண்டு கட்டுப்பாட்டு அறையிடம் கேட்டு உறுதிப்படுத்தவில்லை. அன்று அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. மரங்களை வெட்டாமல் விட்டது உட்பட வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் அந்த மௌனத்தை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டதற்கு அதில் பெரிய பங்கு உண்டு.

எங்களில் பலர் பார்ப்பது மின்நிலையம் இல்லை. ஒரு கடையின் இணையத்தளம், ஒரு பாடசாலையின் சேர்வர், அவ்வளவுதான். ஆனாலும் யாராவது உள்ளே புகுந்துவிட்டால் எங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி லொக்தான். அதில் இரண்டு மணித்தியாலம் இல்லையெண்டால், ஒன்றும் நடக்காததாலா, எழுத ஏலாமல் போனதாலா எண்டு பிரித்தறிய வேண்டும். அதைச் சொல்லக்கூடியவை இந்த உள்பிழைச் செய்திகள் மட்டும்தான்.

"அதெல்லாம் சும்மா தொல்லை, கோப்பை நிரப்பும்" எண்டு சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. மற்ற சேர்வருக்கு அனுப்ப ஏலவில்லை என்ற பிழைச் செய்தியையும் அதே சேர்வருக்கே அனுப்பச் சொன்னால், அது இன்னொரு பிழையைப் பெறும், அது இன்னொன்றை. அதற்காக வாயை அடைப்பது மருந்தாகாது. பழைய சிஸ்லொக் நிரல்கள் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதாமல், கடைசிச் செய்தி இத்தனை தடவை வந்தது எண்டு ஒரு வரியில் முடித்தன. ஆர்சிஸ்லொக்கில் உள்செய்திகளுக்கென்றே வேக வரம்பு வைக்கலாம். வரம்பு வையுங்கள், எத்தனை விடுபட்டது என்ற கணக்கை மட்டும் விடாதீர்கள்.

பாதையையும் பிரித்து வைக்க வேண்டும். நிரம்பிய டிஸ்க்கில் "டிஸ்க் நிரம்பிவிட்டது" எண்டு எழுத ஏலாது. ஆகவே உள்செய்திகள் வேறொரு பார்டிஷனுக்கோ, வேறொரு வழியால் ஒரு மனிதரின் கைபேசிக்கோ போகட்டும். அந்த மனிதர் யார் எண்டு முதலே முடிவாகியிருக்க வேண்டும்.

அப்படியும் ஒரு ஓட்டை மிஞ்சும். முற்றாக விழுந்த நிரலால் எதையும் சொல்ல ஏலாது. யூடிபியில் அனுப்பும்போது செய்தி வழியில் தொலைந்தாலும் அனுப்பியவருக்குத் தெரியாது. ஆகவே நிமிடத்துக்கு ஒரு சோதனை வரியை அனுப்பி, அது போய்ச் சேருகிறதா எண்டு மற்ற முனையில் இன்னொரு கணினி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வராவிட்டால் அதுவே பிழைச் செய்தி.

சோதனைக் கணினி ஒன்று கையில் இருந்தால், இந்த வாரமே அதில் லொக் இருக்கும் பார்டிஷனை வேண்டுமென்றே நிரப்பிப் பாருங்கள். உங்கள் கைபேசி சத்தம் போட எத்தனை நிமிடம் எடுக்கிறது எண்டு எண்ணுங்கள். சத்தமே வராவிட்டால், உங்கள் லொக் இதுவரை காட்டிய அமைதியையும் இனி அப்படியே நம்ப ஏலாது.