நாலு நாள் காட்டுக்குப் போகக் கூடாதாம்

அம்மாவின் கட்டைவிரலை மெஷின் ஆறாவது தடவையும் ஏற்கவில்லை. "பாட்டி, நல்லா அழுத்தி வைங்க" என்றார் இ-சேவை மையத்துத் தம்பி. அழுத்தினாள். ஈரத்துணியில் துடைத்துவிட்டு வைத்தாள். பத்து விரலும் ஆயிற்று. களைக்கொத்தும் அரிவாளும் பிடித்துப் பிடித்து ரேகையெல்லாம் மழமழவென்று தேய்ந்து கிடக்கிறது. கடைசியில் அந்தத் தம்பி, நல்ல மனசோடுதான், ஒரு யோசனை சொன்னார்: "நாலு நாள் காட்டு வேலைக்குப் போகாம இருந்துட்டு வாங்க. ரேகை தெளியும்."

விவசாயி என்று காட்ட விவசாயம் பார்க்காமல் இருக்க வேண்டும்!

எல்லாம் பி.எம். கிசான் பணத்துக்காக. நாலு மாதத்துக்கு ஒருமுறை 2,000 ரூபாய். 2019இல் ஆரம்பித்தபோது வருஷத்துக்கு 6,000, இன்றைக்கும் அதே 6,000. டி.ஏ.பி. ஒரு மூட்டை 1,350. மிச்சம் டிராக்டர் வாடகைக்கே காணாது. இதுக்கா இவ்வளவு அலைச்சல் என்பார்கள், மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவர்கள். மானாவாரி ராகி போடுகிறவளுக்கு 2,000 என்பது 2,000தான்.

அப்பா இருந்தவரை அவர் பேருக்கு வந்தது. 2019 பிப்ரவரி 1க்குப் பிறகு கைமாறிய நிலத்துக்குப் பணம் கிடையாது, இறந்தவரின் வாரிசுக்கு மட்டும் உண்டு என்று விதி வைத்தார்கள். அந்த 'மட்டும் உண்டு'க்குப் பின்னால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கூட்டுப் பட்டாவுக்காகச் சித்தப்பா வீட்டில் மூன்று முறை காபி. ஓர் ஆபீஸில் இன்றைக்கு சர்வர் டவுன், நாளைக்கு சார் மீட்டிங். அதெல்லாம் முடிந்தது என்று மூச்சு விட்டால், விவசாயிக்குத் தனி அடையாள எண் எடு என்றார்கள். அதுவும் எடுத்தாயிற்று, பதினொரு இலக்கம். இப்போது கேஒய்சி. ஓடிபி போவதோ அப்பாவின் பழைய நம்பருக்கு. அந்த சிம் செத்து ரெண்டு வருஷம். முகத்தைக் காட்டினாலே போதும் என்று ஆப் இருக்கிறது. ஆதாரில் உள்ள அம்மாவுக்கும் எதிரே நிற்கிற அம்மாவுக்கும் பத்து வருஷ வெயில் வித்தியாசம். செல்போன் சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது.

சோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை. 2020இல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர்ப் பக்கம் நிலமே இல்லாதவர்கள் பேரில் பணம் எடுத்தது ஊருக்கே தெரியும். தமிழ்நாடு முழுக்கச் சுமார் 110 கோடி, சி.பி.சி.ஐ.டி. வரை போனது. ஆனால் அது ரேகை தேய்ந்தவர்கள் பண்ணிய வேலையா? அதிகாரிகளின் பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பண்ணியது. அந்த வினையை அம்மாவின் கட்டைவிரல் அனுபவிக்கிறது.

2025 நவம்பர் 19 அன்று கோயம்புத்தூரில் பிரதமர் 21வது தவணையை விடுவித்ததை டிவியில் பார்த்தோம். ஒன்பது கோடிப் பேருக்காம். பக்கத்து வீட்டுப் போன் டிங் என்றது. எங்கள் வீட்டுப் போனை அம்மா ரெண்டு தரம் திருப்பிப் பார்த்தாள்.

கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. ஆள் கேட்டால் வரமாட்டேன் என்கிறார்கள். பையன்களெல்லாம் விடிவதற்குள் சிப்காட் வேன் ஏறிவிடுகிறார்கள். அங்கே வருகைப் பதிவு மெஷின் அவர்கள் விரலைத் தொட்டதும் பிடித்துக்கொள்கிறதாம்.

"அந்தத் தம்பிகிட்டக் கேளுடா, ராகி அறுத்துப் போட்டுட்டு வரலாமான்னு" என்கிறாள் அம்மா.