மன்னிப்பும் மருந்தும்

மனக்கவலை உடலை உருக்கும் என்பது இந்திய மக்களுக்குப் புதிய செய்தி அன்று. கவலையுற்றவனுக்கு உண்ட உணவு உடலில் ஒட்டாது என்றும், சினம் மிகுந்தவனுக்கு இரத்தக் கொதிப்பு வரும் என்றும் கிராமத்து முதியோர் கூறுவர். இந்நம்பிக்கையில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்று பிரித்தறிய வேண்டிய அவசியம் இன்று ஏற்பட்டுள்ளது. மனத்தைத் திருத்திக்கொண்டால் மருந்தே வேண்டாம் என்னும் போதனை நோயாளிகளின் செவிக்கு எளிதில் எட்டிவிடுகிறது.

முதலில் உண்மையைக் காண்போம். அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கானன், வலி, பசி, அச்சம், சினம் ஆகியவை உடலில் விளைவிக்கும் மாறுதல்களைப் பற்றி 1915-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அச்சமோ சினமோ எழும்பொழுது, சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்னும் பொருளை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. இரத்த அழுத்தம் உயர்கிறது. கல்லீரலிலிருந்து சர்க்கரை வெளிப்படுகிறது. சீரண வேலை மந்தமாகிறது. புலியைக் கண்டு ஓடுபவனுக்கு இவ்வேற்பாடு உயிர் காக்கும் துணை. புலி சிறிது நேரத்தில் அகன்றுவிடும். ஆனால் உடன்பிறந்தாரிடையே மூண்ட நிலத் தகராறோ பல ஆண்டுகள் நெஞ்சில் நிற்கும். அதனை நினைக்குந்தோறும் உடல் அந்தப் பழைய போருக்கு மீண்டும் ஆயத்தமாகிறது.

மன்னிப்பின் பயன் இங்கேதான் விளங்குகிறது. 2001-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில் 71 கல்லூரி மாணவ மாணவியர் பங்கு கொண்டனர். தமக்குத் தீங்கிழைத்தவரை வன்மத்தோடு நினைத்தபொழுது அவர்களுடைய இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் மிகுந்தன. மன்னிக்கும் எண்ணத்தோடு நினைத்தபொழுது அவ்வளவு மிகவில்லை. 1995-இல் வெளியான மற்றோர் ஆய்வு, மறதி நோயுற்ற உறவினரைப் பேணிவந்த 13 பெண்களைப் பற்றியது. அவர்களுடைய தோலில் ஆய்வுக்காக ஏற்படுத்தப்பட்ட சிறு காயம், அத்தகைய பாரம் இல்லாத 13 பெண்களின் காயத்தைவிடச் சராசரி 9 நாள் தாமதமாகவே ஆறியது. இவை சிறிய ஆய்வுகளே. எனினும், மனத்தின் சுமையை உடலும் சுமக்கிறது என்பதை இவை காட்டுகின்றன.

இனி மிகையைக் காண்போம். வயிற்றுப்புண்ணுக்குக் கவலையே தலையாய காரணம் என நெடுங்காலம் கருதப்பட்டது. ஆஸ்திரேலிய மருத்துவர்களான ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982 முதல் நடத்திய ஆராய்ச்சிகள், வயிற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவே பெரும்பாலும் அதன் காரணம் என நிறுவின. இதற்காக 2005-இல் அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. கவலையை விடும்படி அறிவுரை மட்டும் பெற்று ஆண்டுக்கணக்கில் துன்புற்றவர்களுக்குத் தேவைப்பட்டது, கிருமியை அழிக்கும் மருந்து.

இந்தியாவின் அனுபவமும் இதையே போதிக்கிறது. காசநோயாளிக்கு ஆரோக்கிய விடுதியின் அமைதியும் ஓய்வும் இன்றியமையாதவை என ஒரு காலத்தில் எண்ணினர். சென்னையில் 1956-இல் தொடங்கிய ஆய்வின் முடிவுகள் 1959-இல் வெளியாயின. நெருக்கடியான வீடுகளில், வறுமையின் நடுவே இருந்துகொண்டே மருந்துண்டவர்களும் விடுதியில் தங்கியவர்களுக்கு ஏறத்தாழ நிகராகக் குணமடைந்தனர். அவர்களுடைய கவலைகள் தீரவில்லை; நோய் தீர்ந்தது.

ஆகவே இருவகைத் தீமைகளைத் தவிர்க்க வேண்டும். புற்றுநோயுற்றவரிடம், “உள்ளத்தில் வன்மம் வைத்திருந்ததால் வந்தது” எனக் கூறுவது நோயின் மேல் பழியையும் சுமத்துவதாகும். அதற்கு விஞ்ஞானத்தில் ஆதாரம் இல்லை. அடியும் உதையும் பட்ட மனைவியிடம், “உடல்நலத்தைக் கருதி மன்னித்துவிடு” என வற்புறுத்துவதோ நீதியையே மறுப்பதாகும். மன்னிப்பது வேறு, கொடுமைக்கு உடன்படுவது வேறு. வழக்கு மன்றத்தில் நியாயம் கேட்பவரும் உள்ளத்தில் வன்மத்தை விட்டொழிக்கலாம். அந்த முடிவு, தீங்குற்றவர் தம் விருப்பப்படி, தமக்கு உகந்த காலத்தில் எடுக்க வேண்டியது.

மருத்துவர்கள் நோயாளியின் நாடியோடு அவருடைய மனத்துயரையும் கேட்டறிதல் நலம். இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை எழுதும் கையே, தூக்கம் வருகிறதா, வீட்டில் சண்டை உண்டா என விசாரிக்கவும் வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்னும் தொலைபேசி எண்ணில் அழைத்து, மனத்துயர் உற்றோர் ஆலோசனை பெறலாம். மன்னிப்பு மனத்தின் பாரத்தைக் குறைக்கும். மருந்து கிருமியை அழிக்கும். ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் ஒப்படைக்காதிருப்பதே அறிவுடைமை.